வாடகை பூட்ஸின் அடியைப் பார்க்காமல் பனிமலை ஏறாதீர்கள்

பனிமலையில் ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம், பூட்ஸும் மற்றதும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமா? கவுண்டரை விட்டு நகரும் முன் பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். தோழியும் நானும் பார்க்கவில்லை.

கடையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பூட்ஸுக்கு மெழுகு தேய்த்து, புது லேஸ் கோத்து வைத்திருந்தார்கள். "நேத்துதான் சர்வீஸ் பண்ணினோம் மேடம்" என்றார் கடைக்காரர். போட்டு நடந்து பார்த்தோம். குதிகால் தூக்கவில்லை, விரல் முன்னால் இடிக்கவில்லை. அவ்வளவு போதும் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டோம். ‘பொருட்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் ஒரு வரி இருந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தோம்.

காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்தோம். ராத்திரி இறுகிய பனி காலடியில் நறநறவென்றது, வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. சரிவு கூடிய இடத்தில் கிராம்பானை, அதாவது பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் பூட்டும் உலோக முள் சட்டத்தை, மாட்டிக்கொண்டோம். முதல் தொல்லை அங்கேதான், அதுவும் எனக்கு. தோழிக்குக் கொடுத்தது முன்னும் பின்னும் வாரால் கட்டுகிற வகை. அது எந்த பூட்ஸிலும் ஓரளவு நிற்கும். எனக்குக் கொடுத்ததோ குதிகாலில் கிளிப்பை நெம்பிப் பூட்டுகிற வகை. அந்த கிளிப் உட்கார பூட்ஸின் பின்பக்கம் ஒரு தடித்த விளிம்பு வேண்டும். அடிப்பாகமும் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். என் பூட்ஸில் இரண்டும் இல்லை. மூன்று முறை கழன்றது. மூன்றாவது முறை நான் நின்றிருந்தது வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று தெரியாத சரிவில். போதாததற்கு, அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தகடும் இல்லை. வெயில் ஏற ஏற, ஈரப்பனி பந்துபோலத் திரண்டு முட்களையே மூடிவிட்டது.

பத்தரை மணிக்கு ஒரு சமதளத்தில் இளைப்பாற உட்கார்ந்தோம். உச்சி இன்னும் 200 மீட்டர் உயரம்தான். தோழி கிராம்பானைக் கழற்றினாள். கூடவே அவள் வலது பூட்ஸின் குதிகாலும் கழன்று வந்தது! உதை வாங்கிய முதலை மாதிரி பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே இருந்த நடு அடுக்கு விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

எங்களுக்கு அப்போது தெரியாத விஷயம் இது. நிறைய மலையேற்ற பூட்ஸ்களில், வெளியே தெரியும் ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பாலியூரிதேன் அடுக்கு ஒன்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்த பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். மேலே தோல் புதுசாக இருக்கும், ரப்பரின் பள்ளங்கள் ஆழமாக இருக்கும், நடுவில் மட்டும் எல்லாம் செத்துப்போயிருக்கும். மெழுகுப் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுக்காது.

"கொஞ்சம்தானே, போய்ட்டு வந்துடலாமாடி?" என்று கேட்டது நான்தான். அவள் பதிலே சொல்லவில்லை, பூட்ஸைத் தூக்கிக் காட்டினாள். சரி என்று இறங்கத் தொடங்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், அடியைப் பிடித்து வைத்தது அதே கிராம்பான்தான். வாரை இறுக்கிக் கட்டியதும் சரிவு முழுக்க அவள் நன்றாகவே இறங்கினாள். என் கிராம்பான்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழன்றது. கீழே பனி தீர்ந்து சேறும் கல்லும் வந்த பிறகு அவள் பாடு மோசமானது. கல்லில் முட்களோடு நடந்தால் கணுக்கால் மடங்கும். கழற்றினால் அடியே இல்லை. கடைசியில் என் பையின் வாரை அவிழ்த்து ரப்பரைக் காலோடு சேர்த்துக் கட்டினோம். அதற்குள் சாக்ஸ் ஊறிவிட்டது. "விரல் இருக்கான்னே தெரியல" என்றாள். ஒரு பாறைக்குப் பின்னால் காற்று படாமல் உட்கார்ந்து, அவள் பாதத்தை என் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். பனிக்கட்டியைத் தொட்டாற்போல இருந்தது. தேய்க்கவில்லை, விறைத்த தோலைத் தேய்த்தால் புண்ணாகும் என்பது மட்டும் நினைவிருந்தது. கால் மணி நேரம் கழித்து வலிக்கிறது என்று அழுதாள். எனக்கு உயிர் வந்தது. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்திருந்ததுதான் நாங்கள் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம்.

குளிரில் இரண்டு போனும் அணைந்துவிட்டன. கடைசி ஒரு மணி நேரம் ஒரே தலைவிளக்கு வெளிச்சத்தில் நடந்தோம்.

மறுநாள் கடைக்குப் போனால், "பாறையில போட்டு உடைச்சிருக்கீங்க" என்றார் அதே மனிதர். டெபாசிட் முழுவதையும் புது பூட்ஸின் விலைக்குப் பிடித்துக்கொள்வாராம். தாளில் எங்கள் கையெழுத்தைக் காட்டினார். தோழி சத்தம் போடவில்லை. பிய்ந்த இடத்தின் ஓரத்தை விரலால் சுட்டினாள். மஞ்சளாகக் காய்ந்த பழைய பசை, சுற்றிலும் ஒரு கோடுபோல. யாரோ முன்பே ஒரு முறை ஒட்டியிருக்கிறார்கள். அடுத்து பூட்ஸின் நாக்கை மடித்து உள்ளே இருந்த சீட்டைக் காட்டினாள். தயாரித்து 11 வருடம். இரண்டையும் மலையிலேயே, போன் அணைவதற்கு முன், படம் எடுத்து வைத்திருந்தாள்.

ஆகவே நீங்கள் எடுக்கும்போது, அந்த நடு அடுக்கில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்லிய வெடிப்போ, ஓரத்தில் பசைத் தடமோ தெரிந்தால் வேண்டாம். இரண்டு கையாலும் நன்றாக வளைத்துப் பாருங்கள். தேதிச் சீட்டு இருந்தால் படியுங்கள். கிராம்பானை அங்கேயே அதே பூட்ஸில் மாட்டச் சொல்லி, காலை உதறிப் பாருங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எங்களுக்கு டெபாசிட்டில் பாதி வந்தது. மீதியைப் பேசிப் பார்க்கிறோம் என்றார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். நாங்கள் கிளம்பும்போது அந்த ஜோடியை அவர் குப்பையில் போடவில்லை. உதிர்ந்த துண்டுகளோடு சேர்த்துப் பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.