டப்பா மானிட்டரா, தட்டை மானிட்டரா?

மதுரையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. ஆறு வருடமாகப் பாதி மேசையை அடைத்துக்கொண்டிருந்த 17 அங்குல சி.ஆர்.டி. (டப்பா) மானிட்டரை ஓரங்கட்டிவிட்டு, இந்த 2008-இல் அதே 17 அங்குலத்தில் எல்.சி.டி. (தட்டை) மானிட்டர் வாங்கினேன். நாலு மாதம் ஆகிறது.

இடம் மிச்சம், எடை குறைவு என்பதெல்லாம் பார்த்தாலே தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சி.ஆர்.டி.யில் 17 என்பது உள்ளே இருக்கும் படக்குழாயின் அளவு. கண்ணுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 அங்குலம்தான். எல்.சி.டி.யில் 17 என்றால் 17.

என்னை மாற்ற வைத்தது மின்வெட்டு. பழைய மானிட்டர் 80 வாட் வரை இழுக்கும், புதியது 35 வாட்டோடு நின்றுவிடும். என்னுடையது சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். முன்பெல்லாம் கரண்ட் போனால் பத்து நிமிடத்துக்குள் கத்த ஆரம்பித்துவிடும். இப்போது இருபது நிமிடத்தை ஒட்டி வருகிறது. பேட்டரியிடம் கொஞ்சமாகக் கேட்டால், கணக்கைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறது. இரண்டு மணி நேர வெட்டுக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கடைசி நேரத்தில் "எங்க பெரியப்பா பேரு விட்டுப்போச்சே" என்பார். அந்தப் பேரைச் சேர்த்து, பிழை பார்த்து, பென் டிரைவில் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்ப அந்தக் கூடுதல் பத்து நிமிடம் போதும். இன்னொன்று, சி.ஆர்.டி.யை ஆன் செய்யும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வருமே, திரையின் காந்தத்தைக் கலைக்கும் சுருள் அந்த நொடியில் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். பேட்டரியில் ஓடும்போது அதை ஆன் செய்து யு.பி.எஸ். படுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பில்லிலும் கொஞ்சம் குறைகிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் இருபது யூனிட்டுக்கு மேல் மிச்சம். அப்புறம், சித்திரை வெயிலில் முகத்துக்கு நேரே அடுப்பு எரிகிற உணர்வு இல்லை.

குறை இல்லாமலா? எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று திரையின் ரெசல்யூஷனை 800×600-இல் வைத்தே பழகியவன் நான். சி.ஆர்.டி. எதற்கும் வளைந்து கொடுக்கும். எல்.சி.டி.யோ தன் சொந்த 1280×1024-இல்தான் தெளிவு. குறைத்தால் ண, ன சுழிகள் அப்பிக்கொள்ளும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். 1280×1024-ஐ அப்படியே விட்டுவிட்டு எழுத்தளவைக் கூட்டி, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் எழுத்தின் ஓரங்களைச் சீராக்கும் கிளியர்டைப்பை நாமே ஆன் செய்துகொண்டால் சரியாகிவிடும்.

நிறம்தான் உண்மையான தலைவலி. விலை குறைந்த எல்.சி.டி.யில் நேராகப் பார்க்கும் எனக்குப் பளிச்சென்ற மஞ்சள், பக்கத்தில் சாய்ந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கு வெளிறிய மஞ்சள். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். ஏற்றினால் அச்சில் நிறம் அடர்ந்துபோய் மாட்டிக்கொள்வோம். போட்டோ வேலைதான் முக்கியம் என்றால் பழசை விட்டுவிடாதீர்கள்.

உழைப்பு விஷயத்தில் நாலு மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் விளக்கு நாளாக நாளாக மங்கும். பேனல் உடைந்தால் புதிதே வாங்கிவிடலாம் என்கிற அளவுக்குச் செலவு வைக்கும்.

பழைய மானிட்டருக்கு எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. கடை மூலையில் இருக்கிறது. நிறம் பார்க்க மட்டும், அதுவும் கரண்ட் இருக்கும்போது மட்டும் போடுகிறேன்.