அரங்கில் எழுத வைப்பதா, அனுப்பச் சொல்வதா? கல்லூரிச் சிறுகதைப் போட்டி நடத்துவோருக்கு

கல்லூரி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைக்க இரண்டு வழி உண்டு. எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைத்து, தலைப்புக் கொடுத்து, அங்கேயே எழுதி வாங்கலாம். இல்லையென்றால் கடைசித் தேதி சொல்லி அனுப்பச் சொல்லலாம். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்து நடத்துவதானால் இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தேதி, செலவு, நடுவர் எண்ணிக்கை எல்லாமே இதை வைத்துத்தான்.

அரங்கப் போட்டியை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வைக்கவே கூடாது. மழைக்கு விடுமுறை விட்டால் காலை ஆறு மணிக்கு எல்லாம் கவிழும். கடலூருக்கு விடுமுறை, புதுச்சேரிக்கு இல்லை என்ற கூத்தும் நடக்கும். இரண்டும் வேறு வேறு நிர்வாகம் ஆயிற்றே. போதாததற்கு நவம்பரில் பருவத் தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது, அல்லது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வர வேண்டும் என்பதால் பத்தரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம். அனுப்பும் போட்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஜூலையில் அறிவித்து, செப்டம்பர் நடுவில் முடித்துக்கொள்ளலாம்.

அரங்கில் கிடைக்கும் கதை எப்படி இருக்கும்? இரண்டரை மணி நேரத்தில் கையால் எழுதினால் 700 முதல் 900 சொல் வரும். அடித்துத் திருத்த நேரம் இராது. அதனால் முடிவுகள்தான் சொதப்பும்: நாயகன் இறந்துபோவான், அல்லது எல்லாம் கனவாகிவிடும், அல்லது கடைசிப் பத்தியில் அம்மா அறிவுரை சொல்வார். முடிய அரைமணி இருக்கும்போது ஒருமுறை நேரத்தை அறிவித்தால் இது கொஞ்சம் குறையும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தலைப்பில் இருக்கிறது. ‘தாய்மை’, ‘கடைசிப் பேருந்து’ மாதிரி தலைப்புக் கொடுத்தால், மனப்பாடம் செய்து வந்த கதையை எதற்கு வேண்டுமானாலும் பொருத்திவிடுவார்கள். ‘புயல்’ என்றாலும் அதே கதிதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு நேரில் தெரிந்த விஷயம். ஆனாலும் தலைப்புப் பொதுவாக இருந்தால் பாதிப் பேர் செய்தித்தாள் பாணியில்தான் எழுதுவார்கள். தலைப்பைச் சுருக்கி, ஒரு பொருளையோ நிலைமையையோ கட்டாயமாக்குங்கள். ‘வெள்ளம் வடிந்த மறுநாள் ஃபிரிட்ஜைத் திறக்கிறார்கள்’, ‘கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி வராத காலை’ என்று கொடுத்துப் பாருங்கள். பழைய கதையை இதற்குள் திணிப்பது சுலபமில்லை.

அனுப்பும் போட்டியில் கதையின் தரம் கண்ணுக்குத் தெரிந்தே உயரும். மூன்று நான்கு முறை திருத்தியது தெரியும், உரையாடல் ஊர்ப் பேச்சில் வரும். ஆனால் எழுதியவர் யார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அக்காவோ, தமிழ்ப் பேராசிரியரோ, இப்போது ஏஐயோ எழுதியிருக்கலாம். ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று கையெழுத்து வாங்குவது நல்லதுதான், அது யாரையும் தடுத்ததில்லை. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகளைத் தமிழுக்கு நம்பி ஒரு மாணவரை வெளியேற்றுவதும் நியாயமில்லை.

கோப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் திறக்கும். யூனிகோடில் வேர்டு கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று, இரண்டும் கேளுங்கள். சில பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், அப்போது வேர்டு கோப்புதான் கைகொடுக்கும். வாட்ஸ்அப்பில் வரும் நோட்டுப் பக்கப் படங்களை ஏற்கவே வேண்டாம். கோப்புக்குள் பெயரும் கல்லூரியும் இருந்தால் எடுத்துவிட்டு எண் போட்ட பிறகே நடுவருக்குப் போக வேண்டும். நடுவர்கள் பெரும்பாலும் அதே கல்லூரிகளின் தமிழ்த்துறையினர் என்பதால், இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டால் போட்டியின் பெயரே கெட்டுவிடும். அரங்கப் போட்டியில் இது இன்னும் கஷ்டம், கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். சொந்த மாணவர் எழுதும் போட்டிக்கு அவருடைய ஆசிரியரை நடுவராகப் போடாதீர்கள்.

நடுவரின் நேரத்தைக் கணக்குப் போடாமல் சொல் வரம்பு வைக்கக் கூடாது. 1,500 சொல் கதையைப் படித்து மதிப்பெண் போடப் பத்து நிமிடம் என்று வைத்தால், 100 கதைக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள், நாற்பதாவது கதைக்குமேல் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். கதைகளைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இருவர் படித்து 20 தேர்ந்தெடுக்கட்டும். அந்த இருபதை மட்டும் மூன்று நடுவரும் முழுமையாகப் படிக்கட்டும். மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள். ஒருவர் 40 முதல் 90 வரை போடுவார், இன்னொருவர் எல்லாருக்கும் 65, 70 என்று போடுவார். கூட்டினால் முதலாமவர் நினைத்ததே முடிவாகிவிடும். அவரவர் தரவரிசையைக் கூட்டுவதே சரி. எழுத்துப்பிழைக்கென்று 10 மதிப்பெண்ணுக்குமேல் வேண்டாம். பாத்திரம் ‘வூட்டுக்குப் போறேன்’ என்று பேசினால் அது பிழை அல்ல என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே நாள், கையில் காசு குறைவு, நாற்பது பேருக்குள் என்றால் அரங்கமே போதும். அதற்குமேல் போனால் எங்கள் தேர்வு அனுப்பும் போட்டிதான், ஒரு கூட்டலோடு. அந்த இருபதில் தேறிய 15 பேரைச் சனிக்கிழமை ஒன்றில் நேரில் அழைத்து, அவரவர் கதையின் ஒரு காட்சியை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் 90 நிமிடத்தில் திரும்ப எழுதச் சொல்லுங்கள். கதையைத் தானே எழுதியவர் தடுமாறினாலும் எழுதிவிடுவார். எழுதாதவருக்குப் பாத்திரத்தின் பெயரே சட்டென்று வராது. இதற்குத் தனி மதிப்பெண் வேண்டாம், தேர்ச்சியா இல்லையா என்பது போதும். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தூரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள்.

விதித்தாளில் பலரும் விடும் ஒரு வரி பதிப்புரிமை பற்றியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுத்தால் ஒழிய உரிமை மாறாது. காலம் குறிப்பிடாமல் கொடுத்தால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். ‘அனுப்பும் கதைகள் எங்களுக்கே சொந்தம்’ என்று போடாமல், ‘பரிசுக் கதைகளைத் தொகுப்பில் ஒருமுறை வெளியிட அனுமதி’ என்று மட்டும் கேளுங்கள். நன்றாக எழுதுகிற மாணவர் இந்த வரியைத்தான் முதலில் படிப்பார்.