சிப்பு தங்கம், அது உட்கார்ந்திருக்கிற போர்டுதான் சொதப்பல்

ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல மெமரி கார்டு அடிக்கடி புட்டுக்குதேன்னு, செட்டிங்ஸை மட்டும் தனியா வச்சுக்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128எஃப்வி ஃப்ளாஷ் மாட்யூல் (கரண்ட் போனாலும் டேட்டாவை மறக்காத சிப்பு, சின்ன போர்டுல ஒட்டினது) வாங்கினேன். கடைக்காரர் "128 எம்பி சார்"னு எடுத்துக் கொடுத்தார். அது மெகாபிட்டுங்க, எட்டால வகுத்தா 16 எம்பிதான். எனக்கு அதுவே ஜாஸ்திங்கிறதால வாயைத் திறக்கல.

ஒயரிங் பெரிய வேலை இல்ல, பைல 19, 21, 23, 24ன்னு நாலு பின், கூட 3.3 வோல்ட்டும் கிரவுண்டும். தப்பித்தவறி 5 வோல்ட்ல சொருகிடாதீங்க, இது 3.6 வரைக்கும்தான் தாங்கும். பையோட கான்ஃபிக் ஃபைல்ல, இந்த மாதிரி சிப்பு இருக்குன்னு சொல்ற ஜெடெக் எஸ்பிஐ நார் ஓவர்லே ஒரு வரி சேர்த்து ரீபூட் பண்ணா கெர்னல் லாக்ல (சிஸ்டம் எழுதற குறிப்புல) சிப்போட ஐடி தெரியலன்னு எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப், அதாவது உருப்படியா பதிலே வரல. ஒயரை மாத்தினேன், ஸ்பீடைக் குறைச்சேன், பையையே மாத்திப் பாத்தேன், ஞாயித்துக்கிழமை முழுக்க இதுலயே போச்சு. சரி சிப்பு செத்துருச்சுன்னு கழட்டப் போறப்ப விரல் சிப்பு மேல பட்டிருக்கு, கடைசியா ஒரு தடவைன்னு டிரைவரை ரீலோடு பண்றேன், இஎஃப் 40 18னு சிப்போட ஐடி கரெக்டா வந்து நிக்குது! கையை எடுத்தா மறுபடி எஃப்எஃப்.

அப்புறம்தான் டேட்டாஷீட்டை ஒழுங்கா படிச்சேன். ஏழாவது கால் ஹோல்டு, அதுல வோல்டேஜ் இறங்கி லோவானா சிப்பு பேசாது. இந்த மாட்யூல்ல அதை எதோடயும் சேர்க்காம அந்தரத்துல விட்டிருக்காங்க. அங்க ஒரு 10கே ரெசிஸ்டர் வச்சு 3.3க்கு இழுத்துவிட்டேன், மூணாவது கால் ரைட் புரொடெக்ட்டுக்கும் (எழுதறதைத் தடுக்கற கால்) ஒண்ணு. அன்னையிலேருந்து ஒவ்வொரு பூட்லயும் எம்டிடி0ங்கிற பேர்ல சிப்பு சமத்தா வருது. ஒரு ரூபா ரெசிஸ்டர்ல கஞ்சத்தனம் பண்ணி என் ஒரு நாளைத் தின்னுட்டாங்க.

இன்னொண்ணு, பென்டிரைவ் மாதிரி நேரா மேல எழுதிடாதீங்க. எழுதறப்ப 1ஐ 0 ஆக்கத்தான் இதுக்குத் தெரியும், திரும்ப 1 ஆகணும்னா எரேஸ் பண்ணியே ஆகணும். நான் பழைய ஃபைல் மேலயே எழுதிட்டு ரெண்டும் கலந்து குப்பையா வந்ததைப் பாத்து முழிச்சேன். முழு சிப்பையும் 4 கேபி 4 கேபியா அழிக்க மூணு நிமிஷத்துக்கு மேல ஆகுது, தொங்கிடுச்சுன்னு பயந்து நடுவுல நிறுத்திடாதீங்க. ஜேஎஃப்எஃப்எஸ்2ன்னு ஃப்ளாஷுக்குன்னே இருக்கிற ஃபைல் சிஸ்டம் போட்டு வச்சிருக்கேன், கரண்ட் பொசுக்குனு போனாலும் இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.

சிப்புக்கு அஞ்சுக்கு நாலரை, மாட்யூலுக்கு ஒண்ணரை. அடுத்த தடவை வெறும் சிப்பை வாங்கி நானே சால்டர் பண்ணிக்குவேன்.