கச்சான் காற்றும் டியூக் 390-உம்: முன் ஸ்ப்ராக்கெட் 14-ஆ, 15-ஆ, 16-ஆ?

என் கேடிஎம் டியூக் 390-க்கு கம்பெனி கொடுத்த ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், முன்னால் 15 பல், பின்னால் 45 பல். விகிதம் சரியாக 3.0, அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. விகிதம் கூடினால் இழுவை கூடும், குறைந்தால் இன்ஜின் சுற்று குறையும். காரில் டிஃபரன்ஷியலைப் பிரித்து கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களை மாற்றி இந்த விகிதத்தை மாற்றும் வேலையை, பைக்கில் ஒரு சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டே செய்துவிடும். சில வருடங்களாக 14, 15, 16 மூன்றையும் போட்டு ஓட்டிவிட்டேன். என் ஓட்டமெல்லாம் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, சாயல்குடி.

இங்கே ரோடு தட்டை. அதனால் யாரைக் கேட்டாலும் "16 போடுங்க தம்பி, வண்டி அலுங்காமப் போகும்" என்பார்கள். காலை நேரத்தில் அது உண்மைதான். 15-ல் 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) காட்டும் வேகத்துக்கு 16-ல் 5625 போதும். ஹேண்டில்பாரில் அதிர்வு குறைவது கையிலேயே தெரியும்.

ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கிளம்பியதும் கணக்கு மாறிவிடும். கீழக்கரை தாண்டி சாயல்குடி பக்கம் போனால் காற்று நேர் எதிரே. 80-ல் போகும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், வண்டிக்கு அது 110-ல் போவது மாதிரி. காற்றின் தடை கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பின்னால் ஆளும் உட்கார்ந்து, முன்னால் போகும் ஐஸ் லாரியை முந்தவும் வேண்டுமென்றால், 16-ல் ஆறாவது கியரில் வேகம் ஏறவே ஏறாது. ஐந்துக்கு இறக்கத்தான் வேண்டும். பாதி வழி ஐந்திலேயே ஓடினால் 16 போட்டு என்ன லாபம்?

14 போட்டால் விகிதம் 3.21. பஜார் நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியதில்லை, எதிர்க்காற்றிலும் ஆறாவது தாக்குப்பிடிக்கும். அதே 6000 இங்கே 6430 ஆகிவிடும், நீண்ட ஓட்டத்தில் அது களைப்புதான். அதைவிட எனக்குப் பெரிய கவலை செயின். சின்னப் பல்சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் அதிகமாக மடங்கித் திரும்புவதால் தேய்மானம் கூடும். தனுஷ்கோடி தாண்டி கடல் முனையில் இருக்கும் அரிச்சல்முனை போய்வந்த செயினைப் பாருங்கள். கண்ணிகளின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், துடைக்காமல் விட்டால் மறுநாளே செம்பழுப்பு. பிசுபிசுப்பான ஸ்ப்ரே அடித்தால் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தை வழித்துவிடுவதுதான் இந்தக் கடற்கரைக்குச் சரி.

முன்னால் ஒரு பல் மாற்றினால் பின்சக்கர அச்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகரும். 16 என்றால் முன்பக்கம், 14 என்றால் பின்பக்கம். அதற்கு அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா, சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அப்புறம், ஸ்பீடோமீட்டருக்குக் கியர்பாக்ஸிலிருந்து சிக்னல் போகும் வண்டியானால் காட்டும் வேகமும் தப்பாகும்.

முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். அதனால் அடுத்த செட்டுக்கு முன்னால் 15-ஐயே வைத்து, பின்னால் 47 போடப் போகிறேன், விகிதம் 3.13. இழுவையும் வரும், செயினும் 14-ல் மடங்குகிற அளவுக்கு மடங்காது.