ஒன்ராறியோவில் ஆர்க்கிடெக்சரல் டெக்னாலஜி: மூன்று வருடமும் படித்தவளின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்ராறியோவில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள ஒன்ராறியோ ஆர்க்கிடெக்ட்கள் சங்கத்தின் உரிமம் வேண்டும், அதற்கு வழக்கமான பாதை பல்கலைக்கழகத்தில் முதுகலை வரை போவது. இது கொலிஜில் படிக்கும் மூன்று வருட, ஆறு செமஸ்டர் அட்வான்ஸ்ட் டிப்ளோமா. கட்டடம் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் யோசித்துவிட்டுப் போன பிறகு, அது மழையில் ஊறாமல், குளிரில் வெடிக்காமல், நெருப்புப் பிடித்தால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதை எதோடு எப்படிச் சேர்க்க வேண்டும் என்று படம் கீறிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். இந்தப் படிப்பு அவருக்கானது. எனக்கு அந்த வேலைதான் பிடித்தது, இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன், திரும்பக் கேட்டாலும் இதையே எடுப்பேன்.

நான் படித்தது ரொறன்ரோப் பகுதியில் உள்ள ஒரு அரச கொலிஜில். ஹமில்ரனில் மொஹாக், லண்டனில் ஃபான்ஷோ, ஒட்டாவாவில் அல்கொன்குவின் என்று மாகாணத்தின் வேறு இடங்களிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இரண்டு வருடத்தோடு முடிவது டெக்னீஷியன், மூன்றையும் முடித்தால் டெக்னாலஜி. முடிந்தால் மூன்றையும் படியுங்கள், எங்களுக்குப் பெரிய கட்டடங்களைப் பற்றிய பாடங்கள் கடைசி வருடத்தில்தான் ஆழமாக வந்தன.

முதல் செமஸ்டர் கையால் கீறுவது. பென்சில், ஸ்கேல், ட்ரேசிங் பேப்பர், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் யார் கையால் கீறுகிறார்கள் என்று வகுப்பில் பலர் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் கட்டிய காசுக்கு நல்ல பெறுமதி கிடைத்த மாதங்களில் அவையும் சேரும். திரையில் எதையும் எவ்வளவுக்கும் பெருப்பிக்கலாம், அளவு மனதில் நிற்காது. தாளில் 1:50இல் கீறும்போதுதான் சுவருக்கு எவ்வளவு தடிப்பு, கதவு திறக்க எவ்வளவு இடம் என்பது கைக்குப் பழகும். மாடிப்படி ஒன்றைக் கீறிப் பாருங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையில் 2800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் ஒரு படியின் உயரம் 200க்கு மேல் போகக் கூடாது, ஆகவே 14 ஏற்றம். கால் வைக்கும் நீளம் குறைந்தது 255, கடைசி ஏற்றம் மேல் தளத்திலேயே முடிவதால் அது 13 தடவை, மொத்தம் 3315. நேரான படிக்கே மூன்றேகால் மீட்டருக்கு மேல் போய்விடுகிறது, அப்புறம் தலை இடிபடாமல் மேலே 1950 வேறு விட வேண்டும். பிளானில் படிக்கு ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுவிட்டு அறைகளைப் பெரிதாக்கும் பழக்கம் இந்த ஒரு கணக்கோடு போய்விடும்.

இரண்டாம் வருடம் சுவரின் வெட்டுமுகம், அதாவது சுவரை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் கீறும் படம். இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். ரொறன்ரோவில் புதிதாகக் கட்டும் செங்கல் வீடுகளில் பெரும்பாலும் செங்கல் வீட்டைத் தாங்குவதில்லை, தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். வெளியே 90 மில்லிமீட்டர் செங்கல், பின்னால் 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி, பிறகு தண்ணீர் தடுக்கும் உறை, பலகை, சட்டம், சட்டங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கும் பஞ்சு, உள்பக்கம் பொலிதீன், கடைசியாக ட்ரைவோல் என்ற உள்சுவர்ப் பலகை. மழை பெய்தால் கொஞ்சத் தண்ணீர் செங்கலுக்குப் பின்னால் போகத்தான் செய்யும், அது வெளியே வர வழி விட வேண்டும். கீழ் வரிசையில் 800 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகாமல் ஓட்டைகள் விடுவது அதற்குத்தான். எறும்பு வருகிறது என்று அந்த ஓட்டைகளைச் சிலிக்கனால் அடைத்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் இப்போது மனம் பதறுகிறது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் நாங்கள் கீறிய வெட்டுமுகத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவைக் கையில் தருவார். கூரை உச்சியிலிருந்து அத்திவாரம் வரை காற்றுத் தடுப்பை, பேனாவை எடுக்காமல் கீறிக் காட்டு என்பார். பேனா எங்கே நிற்கிறதோ அங்கே வீட்டுக்குள் காற்று வரும். யன்னல் சட்டமும் சுவரும் சேரும் மூலையில் ஏறக்குறைய எல்லோருடைய பேனாவும் நின்றது. பிறகு நீலப் பேனா, அது தண்ணீருக்கு. கூரைத் தகட்டில் விழும் மழை எந்த வழியால் இறங்கி, அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் ஓட்டைக் குழாய்க்குப் போகிறது என்று காட்ட வேண்டும். வேலைக்குப் போன பிறகும் படத்தை அனுப்புவதற்கு முன்னால் இதைத்தான் செய்து பார்க்கிறேன்.

பொலிதீன் ஏன் உள்பக்கம்? குளிர்காலத்தில் சமைத்து, குளித்து, மூச்சுவிட்டு வரும் ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்தால் வெளிப்பலகையின் குளிரில் தண்ணீராகிப் பலகையை உக்கவைக்கும். ஊரில் வீட்டுக்குள் காற்று ஊடுருவ வேண்டும் என்று கட்டினோம், இங்கே காற்றை மறித்துவிட்டுத் தேவையானதை இயந்திரத்தால் உள்ளே எடுக்கிறோம். மண் உறைந்து வீங்கிக் கட்டடத்தைத் தூக்கும் என்பதால் ரொறன்ரோவில் அத்திவாரம் 1.2 மீட்டர் கீழே போக வேண்டும். ஊரில் கட்டட வேலை தெரிந்து வந்த ஒரு அண்ணா எங்கள் வகுப்பில் இருந்தார், அவருக்குக் கணக்கும் படமும் இலேசாக வந்தன, குளிரும் ஈரமும்தான் புதிதாக இருந்தன.

கோட், அதாவது கட்டட விதிகளைப் பற்றிய பாடம் வறண்டது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்ராறியோ கட்டட விதிக்கோவையின் 9ஆம் பகுதி மூன்று மாடிக்கும் 600 சதுர மீட்டருக்கும் மேற்படாத வீடுகளுக்கும் சின்னக் கட்டடங்களுக்கும், 3ஆம் பகுதி பெரியவற்றுக்கு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் வந்து இறங்கி முதலில் இருந்தது வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில், பிறகு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதும் பேஸ்மென்றைத்தான். படுக்கையறை இருக்கும் தளத்திலிருந்து நேராக வெளியே போகக் கதவு இல்லையென்றால், கருவி எதுவும் இல்லாமல் உள்ளேயிருந்து திறக்கக்கூடிய யன்னல் வேண்டும். திறந்த பகுதி மட்டும் 0.35 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 900க்கு 600 யன்னல் பார்க்கப் போதும் போலத்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் வகை என்றால் பாதிதான் திறக்கும், 450க்கு 600, அதாவது 0.27. போதாது. தெரிந்த மாமா ஒருவரின் வீட்டில் இதே யன்னல். “மாமா, நெருப்புப் பிடிச்சா வாடகைக்கு இருக்கிற பிள்ளையள் இதுக்குள்ளால வரேலாது” என்று நேராகவே சொன்னேன், மாற்றிவிட்டார். இந்தப் பாடம் எங்கள் ஆட்களில் இன்னும் பலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2024 விதிக்கோவை 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது, பழைய குறிப்புகளை வாங்கிப் படிப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

மென்பொருள் பக்கம், கணினியில் படம் கீற ஓட்டோகேட்டும், கட்டடத்தை முப்பரிமாண மாடலாக அமைக்க ரெவிற்றும். மாணவர்களுக்கு இரண்டும் இலவசம். ரெவிற் விண்டோஸில்தான் ஓடும், மக் வாங்கி வைத்துக்கொண்டு அந்தரப்படாதீர்கள். சொல்லிக்கொடுத்த விதம் எனக்குத் திருப்தி இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினார்கள், ஒரு அலுவலகத்தில் நான்கைந்து பேர் ஒரே மாடலில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை வேலைக்குப் போய்த்தான் படிக்க வேண்டியிருந்தது.

பெரிய குறை, கட்டுமான இடத்துக்கு அழைத்துப்போனது மிகக் குறைவு. சட்டம் அடிப்பதை, கொங்கிறீட் ஊற்றுவதைக் கண்ணால் பார்க்காமல் அதைப் படமாகக் கீறுவது எவ்வளவு சரி? கோ-ஒப், அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், இடம் தேடுவது கடைசியில் எங்கள் தலையில்தான் விழுந்தது. கிடைக்காதவர்கள் கடையில் நின்று அந்தக் கோடையைக் கழித்தார்கள். முதலாம் வருடக் கோடையிலேயே வீடு கட்டும் கம்பனி, யன்னல் கம்பனி, கூரைச் சட்டம் செய்யும் இடம் என்று எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். இதை முடித்துவிட்டுக் கட்டடக்கலை பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள், எத்தனை பாடத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை செய்துகொண்டே ஆர்க்கிடெக்ட் ஆக அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் ஊடாக ஒரு பாதை இருக்கிறது, ஆனால் நீண்ட பாதை.

வேலை? கட்டடக்கலை அலுவலகங்கள், வீடு கட்டும் கம்பனிகள், நகரசபையில் படங்களைப் பரிசோதிக்கும் வேலை, இன்ஸ்பெக்டர் வேலை எல்லாமே திறந்திருக்கும். மாகாணத் தேர்வுகளில் தேறிப் பதிந்து பி.சி.ஐ.என். என்ற கட்டட விதிக்கோவை அடையாள எண்ணை எடுத்தால், 9ஆம் பகுதிக்குள் வரும் வீடுகளுக்குச் சொந்தப் பெயரில் படம் கொடுக்கலாம். ரொறன்ரோ 2018இல் பின்சந்தை ஒட்டிக் கட்டும் லேன்வே வீடுகளுக்கும், 2022இல் பின்வளவு வீடுகளுக்கும், 2023இல் நான்கு குடியிருப்புக் கட்டடங்களுக்கும் வழிவிட்டது, இந்தச் சின்ன வேலைகளை ஒழுங்காகக் கீறத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சி.ஈ.ரி. என்ற சான்று பெற்ற பொறியியல் தொழில்நுட்பவியலாளர் தகுதி வேண்டுமென்றால் இரண்டு வருட வேலை அனுபவமும் தொழில்நெறித் தேர்வும் தேவை.

ஊரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ இதற்கென்று வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: கட்டணம் இங்கே இருப்பவர்களைவிடப் பல மடங்கு. 2024 நவம்பரிலிருந்து, கொலிஜ் டிப்ளோமா படித்துவிட்டு வேலை அனுமதி எடுப்பதற்கு அந்தப் படிப்பு அரசாங்கத்தின் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு நீங்களே அரச தளத்தில் பாருங்கள், பார்த்த பிறகு காசு கட்டுங்கள்.

இங்கேயே இருப்பவர்கள் கொலிஜின் திறந்த நாளுக்குப் போய், மாணவர்கள் கீறிய சுவர் வெட்டுமுகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வண்ண வண்ண முப்பரிமாணப் படங்கள் மட்டும் ஒட்டியிருந்தால், கோட் எத்தனை செமஸ்டர் படிப்பிக்கிறீர்கள், கோ-ஒப்புக்கு இடம் தேடித் தருவது யார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த கொலிஜைப் பாருங்கள்.