செட்டாப் பாக்ஸ் நேரம்: ஒளிபரப்பிலிருந்தா, இணையவழி நேர முறையான என்.டி.பி.யிலிருந்தா?

கடிகார பேட்டரி இல்லாத பாக்ஸில் மின்சாரம் போய் வந்தால், லினக்ஸ் பெரும்பாலும் 1970 ஜனவரி 1-இல் கண் விழிக்கும். பதிவு டைமர் தவறும், இ.பி.ஜி. (நிகழ்ச்சிப் பட்டியல்) காலியாகும். 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சான்றிதழை நிராகரித்து எச்.டி.டி.பி.எஸ். இணைப்பும் முறியும்.

டி.வி.பி. (டிஜிட்டல் டி.வி. தரநிலை) ஒளிபரப்பில் நேரம் 20-ஆம் பி.ஐ.டி.யில் (தரவுப் பொட்டலங்களின் அடையாள எண்) டி.டி.டி. என்ற தேதி-நேர அட்டவணையாக வருகிறது. 30 நொடிக்குள் ஒருமுறையாவது வர வேண்டும் என்பது விதி. இணையமே தேவையில்லை, இதுதான் இதன் பெரிய பலம். ஆனால் ட்யூனர் சிக்னலைப் பிடித்தாக வேண்டும், துல்லியமும் நொடிக்கணக்கில்தான். பெரிய தொல்லை வேறு: சில டிரான்ஸ்பாண்டர்கள் (செயற்கைக்கோளில் சேனல்களை அனுப்பும் கருவிகள்) தவறான நேரத்தை அனுப்பும். சேனல் மாற்றியதும் கடிகாரம் தாவினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

என்.டி.பி. மில்லிநொடி அளவில் சரியாக இருக்கும், எந்தச் சேனல் ஓடினாலும் மாறாது. யு.டி.பி. 123 என்ற நெட்வொர்க் போர்ட் திறந்திருக்க வேண்டும். வைஃபை இணையும் முன்பே சேவை தொடங்கினால் முதல் முயற்சி வீணாகும். பல ஆண்டு வித்தியாசத்தை மெதுவாகச் சரிசெய்ய முடியாது, ஒரே தாவலில் திருத்த வேண்டும். க்ரோனி என்ற என்.டி.பி. மென்பொருளில் 'makestep 1 3' என்ற அமைப்பு அதற்குத்தான்.

இணையம் நிலையாக இருந்தால் என்.டி.பி.யையே தேர்ந்தெடுங்கள், டிரான்ஸ்பாண்டர் நேரத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் கடிகாரம் இழுபறியில் மாட்டும். எதுவானாலும், அணைக்கும்போது நேரத்தைக் கோப்பில் சேமித்து, துவங்கும்போது அதிலிருந்தே தொடங்க வையுங்கள், 1970 தலைகாட்டாது.