கீழே நூலகம், மேலே மண்டபம்: பதினொரு ஆண்டு அனுபவம்

வன்னியில் ஒரு பிரதேச சபை நடத்தும் பொது நூலகத்தில் 2014 ஆம் ஆண்டு மாசி மாதம் உறுப்பினரானேன். கீழ்த்தளத்தில் நூலகமும், மேல்தளத்தில் இலக்கியக் கூட்டங்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்குமான மண்டபமும் அமைந்த கட்டடம் அது. என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர் தூரம். அதில் முதல் மூன்று கிலோமீற்றர் கிரவல் வீதி. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் ஊரின் பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன்.

உறுப்பினராவது அன்று இலேசாக இருக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும், பிணையாளி ஒருவர் கையொப்பமிட வேண்டும், சிறு வைப்புப் பணமும் கட்ட வேண்டும். நூலகத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இவை நியாயமான நிபந்தனைகளே. ஆனால் 2009 இல் உடுத்த உடையோடு வெளியேறி, முகாமிலிருந்து மீளக் குடியேறி, அடையாள அட்டையையே இரண்டாம் முறை எடுத்தவர்கள் நிறைந்த ஊரில், பிணை நிற்க நிரந்தர வேலையில் உள்ள ஒருவரைத் தேடுவது பலருக்கு இயலாத காரியமாக இருந்தது. எனக்குப் பாடசாலை அதிபர் ஒருவர் கையொப்பமிட்டுத் தந்தார். என்னோடு அன்று படிவம் வாங்கிய இருவர் திரும்பி வரவேயில்லை. இப்போது பிணையாளி விடயத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை. இரண்டு நூல்களை இரண்டு வாரங்களுக்கு இரவல் பெறலாம். பிந்தினால் அறவிடும் தண்டப்பணம் ஒரு பிளேன்ரீக் காசுக்கும் குறைவு.

காலையில் போனால் பத்திரிகைப் பகுதியில்தான் கூட்டம். வீரகேசரி, தினக்குரல், உதயன் மூன்றும் ஒன்பது மணிக்குள் மேசைக்கு வந்துவிடும். அங்கே வழமையாக வரும் ஒரு முதியவர் மரண அறிவித்தல் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து, ஒரு வரி வாசித்து முடிந்ததும் அதைக் கீழே இறக்கி, அடுத்த வரிக்குப் போவார். கண் பார்வை குறைந்தவருக்கு வரி தவறாமல் இருக்க அது உதவுகிறது. அந்த அடிமட்டம் நூலகத்தினுடையது என்பதும், அவருக்காகவே அது மேசை லாச்சியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. இந்த நூலகத்தின் ஊழியர்களைப் பற்றி நான் வேறு என்ன குறை சொன்னாலும் அந்த அடிமட்டத்தைக் கழித்துவிட்டே சொல்ல வேண்டும்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் மேசைகள் உயர்தர மாணவர்களின் வசமாகிவிடும். கடந்தகால வினாத்தாள் கட்டுகளோடு வந்து மூடும் நேரம்வரை இருப்பார்கள். வீட்டில் அமைதியும் மேசையும் இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம் முதலில் ஒரு மேசை, அதன் பிறகுதான் நூல். இதைக் குறையாகச் சொல்லும் வாசகர் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை.

இரவல் பகுதிக்கு வருகிறேன். நூல்கள், பொருளுக்கேற்ப இலக்கமிடும் தூயி தசாம்ச முறையில் அடுக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113 என்ற இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் யாரையும் கேட்காமலே அலுமாரியைக் கண்டுபிடிக்கலாம். அலுமாரிக்குள் தேடுவதுதான் சிரமம், ஏனெனில் திருப்பிக் கொடுத்த நூல்கள் உரிய இடத்துக்குப் போகச் சில நாட்கள் எடுக்கும். ஒரு சிறுகதைத் தொகுதியை நான் விவசாய நூல்களுக்கு இடையில், சேதனப் பசளை பற்றிய கையேடு ஒன்றுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை வழங்கிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது. எங்கள் நூலகத்தில் அந்த விதி திங்களும் செவ்வாயும் ஓய்வில் இருக்கும். வாரவிடுமுறையில் திரும்பிவந்த நூல்கள் அந்த இரு நாட்களும் கட்டாகவே கிடக்கும்.

போருக்குப் பின் பெட்டி பெட்டியாக வந்த நன்கொடை நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுள் நல்லவை பல இருந்தன; நான் வாசித்த உலகச் சிறுகதைகளில் பாதி அந்தப் பெட்டிகளில் வந்தவையே. அதேவேளை, வழக்கொழிந்த கணினி மென்பொருள்களுக்கான தடித்த ஆங்கில வழிகாட்டிகள் ஒரு முழு அலுமாரியை இன்றைக்கும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பதிவேட்டில் ஏறிய நூலைக் கழிப்பதற்குக் குழுவும் அங்கீகாரமும் வேண்டும் என்பதால் யாரும் அதில் கைவைப்பதில்லை. தம் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கிய திருப்தி கொடுத்தவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

நான் இந்த நூலகத்தை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் மூலையில் உள்ள ஒரு கண்ணாடி அலுமாரி. "வன்னி" என்று மட்டும் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கையேட்டின் நிழற்படப் பிரதி அதில் உண்டு. குளங்கள், காடுகள், நோய்கள், குடிசன விபரங்கள் என்று ஆட்சியாளரின் கண்ணால் எழுதப்பட்ட நூல்தான் என்றாலும், பழைய குளங்களைப் பற்றி அறிய விரும்புபவர் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வந்த பாலமனோகரனின் நிலக்கிளி நாவலும் அங்கே இருக்கிறது. வன்னி மண்ணின் வாழ்வை நாவலுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். மீதி எல்லாம் சிறு வெளியீடுகள்: பாடசாலை ஆண்டு மலர்கள், கமக்கார அமைப்பின் அறிக்கைகள், கும்பாபிஷேக மலர்கள்.

அந்த மலர்களில் ஒன்று என் கையில் இருந்த பொழுதை மறக்க முடியாது. நீரில் ஊறிக் காய்ந்ததால் தாள்கள் அப்பளம் போல அலையலையாக நின்றன. முதற்பக்கத்தில் இன்று இல்லாத ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையின் ஊதா முத்திரை பாதி கரைந்திருந்தது. உள்ளே உபயகாரர் பட்டியலில் என் பேரனாரின் பெயருக்கு நேரே "நெல் இரண்டு மூடை" என்று இருந்தது. எங்கள் வீட்டில் அவருடைய கையெழுத்தோ படமோ எதுவும் மிஞ்சவில்லை. பிரதி எடுக்க வெளியே கொண்டு போகலாமா என்று கேட்டேன். "சேர், அது உசாத்துணை. இங்க இருந்துதான் பாக்கலாம். போனில படம் எடுங்கோ, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார் நூலக உதவியாளர். தாள் முறியாமல் இரு விரல்களால் விரித்துப் பிடித்தபடி நின்றார்.

குறை என்னவென்றால் அந்த அலுமாரியின் திறப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் விடுமுறையில் போனால் வன்னியும் விடுமுறையில் போய்விடும். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுகளை வாசித்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அப்படியான நாட்களில் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தில் தேடுவேன். ஆயினும் ஊர்க்கோயில் மலர்கள் போன்றவை யாராவது கொடுத்தால்தானே அங்கேயும் ஏறும்.

மேல்தளத்துக்குப் போவோம். மண்டபத்தில் பெரும்பாலும் நூல் வெளியீடுகளே நடக்கும். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை என்ற ஒழுங்கு மாறுவதில்லை. அழைப்பிதழில் மூன்று மணி என்றால் நாலு மணிக்கு விளக்கேற்றப்படும். சிறப்புப் பிரதி பெற அழைக்கப்படுபவர் கடித உறைக்குள் இயன்றதை வைத்துக் கொடுத்து நூலை வாங்கிக்கொள்வார். வன்னியில் எழுதுபவருக்கு அச்சகக் கடன் அடைவது அந்த உறைகளால்தான். அரங்க நிகழ்ச்சிகளுக்கு இந்த மண்டபம் பொருத்தமானதல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு பிணைந்த முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் ஒரு பகுதியை இங்கே ஒரு முறை ஆடினார்கள். வெட்டவெளியில் விடிய விடியக் கேட்கிற குரல், தகரக் கூரையிலும் வெறும் சுவரிலும் மோதி இரண்டாகத் திரும்பி வந்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் மத்தளம் அமுங்கிப்போனது. கூத்தை நடத்தும் அண்ணாவியார் பாதியில் ஒலிவாங்கியை ஒதுக்கிவிட்டு மேடையை விட்டிறங்கிச் சனத்துக்கு நடுவே நின்று பாடினார். அதன் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் கூத்துப் பிரதி ஏதாவது கிடைக்குமா என்று கீழே வந்து தேடினேன். ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய குறையாக எனக்குத் தெரிவது, மேலே நடப்பது எதுவும் கீழே இறங்குவதில்லை என்பதுதான். நான் கலந்துகொண்ட வெளியீடுகளின் அழைப்பிதழ்களைக் கோவையில் வைத்திருக்கிறேன், முப்பத்தொன்று இருக்கின்றன. அவற்றுள் ஒன்பது நூல்களே கீழ்த்தள அலுமாரிகளில் உள்ளன. அச்சிடும் நூல்களின் பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதே நூல் வெளியிடப்பட்ட கட்டடத்தின் நூலகத்துக்குக் கொடுக்க எழுத்தாளருக்குக் கடப்பாடு இல்லை. நூலகம் ஆண்டுக்கொருமுறை விலைக்கேள்வி மூலம் வாங்கும்போது, முந்நூறு பிரதி அச்சிட்டு வீட்டில் அடுக்கிவைத்திருக்கும் உள்ளூர்க்காரரின் நூல் அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. மண்டபத்தைப் பதிவு செய்யும் படிவத்தில் வாடகை, துப்புரவுக் கட்டணம், கதிரை எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு இரண்டு பிரதி என்று இன்னொரு கட்டம் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

புதிதாக வருபவர்களுக்குச் சில விபரங்கள். போயா எனும் பௌர்ணமி தினத்தில் மூடியிருக்கும். தலைக்கவசத்தையும் பையையும் வாசலில் கொடுத்து இலக்கத் தகடு வாங்க வேண்டும். குடிநீர் கொண்டு வாருங்கள். ஐப்பசியில் தேசிய வாசிப்பு மாதப் போட்டிகள் நடப்பதால் அமைதி கிடைக்காது; பிள்ளைகள் இருந்தால் அந்த மாதமே நல்லது. மின்பிறப்பாக்கி இல்லை. 2022 பங்குனி முடிவில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது வாங்குகளை விறாந்தைக்கு இழுத்துப் போட்டுத்தான் வாசித்தோம்.

சென்ற மாத வெளியீட்டில் இரண்டு உறைகள் கொடுத்து இரண்டு பிரதிகள் வாங்கினேன். மறுநாள் ஒன்றைக் கீழே கொண்டுபோய்க் கருமபீடத்தில் வைத்தேன். நூலக உதவியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆர் சேர், எங்கட பக்கத்து ஆளோ?" என்று கேட்டார். இந்த மண்டபத்தில் நேற்றுத்தான் வெளியிட்டார்கள் என்றேன். சேர்வுப் பதிவேட்டில் ஏற்றி முத்திரை குத்தினார். நேற்று போய்ப் பார்த்தேன். நூல் இன்னும் அலுமாரிக்கு வரவில்லை, பகுப்பிலக்கம் ஒட்டுவதற்காக மேசைக்குக் கீழே கட்டோடு இருக்கிறது.